கிளையில் இருப்பது குழிவிரியனா, பச்சைப் பாம்பா? தொலைவில் நின்றே கண்டறியும் முறை

மேற்குத் தொடர்ச்சி மலையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களிலும் சோலைக்காட்டு ஓரங்களிலும் நடப்பவர்கள் கிளையில் பச்சை நிறப் பாம்பைக் காண்பது அரிதன்று. அது பெரும்பாலும் கண்கொத்திப் பாம்பு என்றும் அழைக்கப்படும் பச்சைப் பாம்பாகவோ குழிவிரியனாகவோ இருக்கும். முன்னதன் நஞ்சு மனிதருக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை; பின்னது கடித்தால் கடும் வலியும் வீக்கமும் உண்டாகும்.

படி 1: நின்றுவிடுங்கள். பாம்பிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் விலகி நின்று, முதலில் பாம்பை விட்டுவிட்டு உங்களைச் சுற்றியுள்ள கிளைகளையும் காலடியையும் பாருங்கள். குழிவிரியன் ஆள் அரவம் கேட்டு ஓடும் பாம்பன்று. இலைநிறத்தை நம்பி அசையாமல் கிடக்கும். ஆகவே நீங்கள் பார்த்துவிட்ட பாம்பைவிட, படம் எடுக்கும் ஆர்வத்தில் நீங்கள் கை ஊன்றப்போகும் கிளையில் பார்க்காமல் விட்ட பாம்பே ஆபத்தானது.

படி 2: உடலமைப்பைக் கவனியுங்கள். பச்சைப் பாம்பு கொடியைப் போல மெலிந்து நீண்டிருக்கும். பகலில் இரை தேடி நகரும். குழிவிரியன் குட்டையாகவும் தடித்தும் இருக்கும். வாலால் கிளையைப் பற்றிக்கொண்டு, பகல் முழுவதும் ஓரிடத்திலேயே சுருண்டிருந்து, இரவில் வேட்டையாடும். இந்த ஒரு வேறுபாடே பலமுறை போதுமானதாகிவிடும்.

படி 3: தலையைப் பாருங்கள். குழிவிரியனின் தலை அகன்ற முக்கோண வடிவில், மெல்லிய கழுத்திலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரியும். பச்சைப் பாம்பின் தலை ஒடுங்கி நீண்டு, கூரிய மூக்கில் முடியும். சீண்டப்பட்டால் பச்சைப் பாம்பு கழுத்தை விரித்து, செதில்களுக்கு இடையே உள்ள கறுப்பு வெள்ளைத் தோலைக் காட்டி, வாயைத் திறந்து மிரட்டும். அந்தத் தோற்றத்தில் தலை அகலமாகத் தெரிவதால், அதை விரியன் என்று அடித்துக் கொல்பவர்கள் உண்டு.

படி 4: கேமராவின் ஜூம் வழியாகவோ பைனாகுலர் வழியாகவோ கண்ணைப் பாருங்கள். பச்சைப் பாம்பின் கண்மணி கிடைமட்டமானது. குழிவிரியனுடையது செங்குத்தான கீற்று. இருட்டில் கண்மணி விரிந்து வட்டமாகத் தோன்றுவதால் இந்த அடையாளம் பகலில் மட்டுமே பயன்படும். செங்குத்துக் கண்மணியை மட்டும் வைத்து முடிவு செய்துவிடவும் கூடாது; மரத்தில் வாழும் பூனைப் பாம்புக்கும் அது உண்டு, அதன் நஞ்சோ மென்மையானது. மாறாக, கொடிய நஞ்சுள்ள நல்ல பாம்பின் கண்மணி வட்டமானது. உறுதியான அடையாளம் கண்ணுக்கும் நாசித்துளைக்கும் நடுவே உள்ள சிறு குழியே. இரையின் உடல் வெப்பத்தை உணரும் உறுப்பான அது, நம் நாட்டுப் பாம்புகளில் குழிவிரியன் இனங்களுக்கு மட்டுமே உரியது. பக்கவாட்டில் எடுத்த தெளிவான படத்தில் அது தெரிந்துவிடும். அதற்காக நெருங்க வேண்டியதில்லை.

படி 5: நிறத்தைக் கடைசியாகக் கணக்கில் எடுங்கள். மூங்கில் குழிவிரியன் பச்சைதான். ஆனால் மழைக்காலத்தில் ஓடைக்கரைச் செடிகளில் அதிகம் காணப்படும் மலபார் குழிவிரியன் பச்சை, மஞ்சள், பழுப்பு எனப் பல நிறங்களில் இருக்கும். பழுப்பு நிறத்தைக் கண்டு அதைக் கொம்பேறி மூக்கன் என்று எண்ணிவிடாதீர்கள். (கடித்தபின் சுடுகாட்டுப் புகையைக் காண மரமேறும் என்று பழிக்கப்படும் கொம்பேறி மூக்கனுக்கு நஞ்சே கிடையாது.)

ஐந்து படிகளுக்குப் பிறகும் ஐயம் தீரவில்லையென்றால், அதை நஞ்சுள்ளதாகவே கருதி வந்த வழியே விலகிச் செல்லுங்கள். குச்சியால் தட்டி அசைய வைப்பது, செத்ததாகத் தோன்றும் பாம்பைத் தொட்டுப் பார்ப்பது ஆகியவை அடையாளம் காணும் முறைகள் அல்ல.

கடி நேர்ந்துவிட்டால், மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை உடனே கழற்றிவிட்டு, கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல் வைத்து, 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகியவை கூடாது. நம் மருத்துவமனைகளில் உள்ள நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்படுவது. குழிவிரியன் நஞ்சுக்கு உரியதன்று. தொலைவிலிருந்து எடுத்த படம் ஏற்கெனவே கைபேசியில் இருந்தால், அதை மருத்துவரிடம் முதலிலேயே காட்டுங்கள். படம் இல்லையென்றால் அதற்காகப் பாம்பைத் தேடிப் போகாதீர்கள்.