டிஷ்வாஷர் மக்கர் பண்ணினால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: தண்ணீர் உள்ளே வரும் வழி, மெஷினின் அடியிலுள்ள ஃபில்டர், கழிவுநீர் வெளியேறும் ஹோஸ். போர்டு போச்சு, மோட்டார் போச்சு என்று பயமுறுத்தும் கோளாறுகள்கூட இந்த மூன்றில் ஒன்றைச் சரிசெய்ததும் அடங்கிவிடுவது உண்டு. வடசென்னை வீடுகளுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர் எல்லாம் ஒரே தொட்டியில் கலக்கும் வீட்டில், மெஷினுக்கு இன்று கிடைப்பது ஒரு தண்ணீர், நாளை கிடைப்பது வேறு.

கை வைக்கும் முன் பிளக்கை உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. குழாயையும் மூடுங்கள். இப்போதுதான் ஓடி நின்ற மெஷின் என்றால் அடியில் சுடுதண்ணீர் இருக்கும், ஆறட்டும்.

தண்ணீர் ஏறவில்லை

போஷ் மெஷின்களில் இ-18, எல்ஜியில் ஐஇ என்று காட்டினால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இன்லெட் ஹோஸைக் கழற்றி, அந்தக் குழாயில் பக்கெட்டை வைத்து ஒரு நிமிடம் பிடியுங்கள். 10 லிட்டர் வந்தால் கவலையில்லை. அதில் பாதிகூட வராவிட்டால் மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை.

அழுத்தமும் முக்கியம். 10 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் இறங்கினால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே, மேல்வீட்டில் குடியிருந்தால், தொட்டிக்கும் குழாய்க்கும் 3 மீட்டர்தான் இடைவெளி, கிடைப்பது 0.3 பார். பல மெஷின்கள் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் கேட்கும். கையேட்டில் உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று பாருங்கள். போதாவிட்டால் சின்ன பிரஷர் பம்ப் போடுவதுதான் வழி. கீழ்வீட்டுக்காரருக்கு அதே தொட்டியிலிருந்து ஒழுங்காக ஓடும் மெஷின் மேல்வீட்டில் தகராறு செய்வதற்கு இதுதான் காரணம்.

அழுத்தம் சரியாக இருந்தும் ஏறவில்லையா? ஹோஸ் மெஷினோடு சேரும் இடத்தில், வால்வின் வாயில், விரல்நுனி அளவு வலை ஒன்று இருக்கும். லைன் இரண்டு நாள் நின்று மறுபடி வரும்போது கூடவே வரும் துருவும் மண்ணும் இதில்தான் அடைக்கும். குறட்டால் மெதுவாக இழுத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, உப்புப் படிந்திருந்தால் வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் திருப்பி மாட்டுங்கள். குழாய்ப் பக்கம் பெட்டி போன்ற தலை உள்ள ஹோஸ் என்றால் அந்தத் தலையைத் தண்ணீரில் முக்கக்கூடாது. உள்ளே மின்சார வால்வு இருக்கிறது.

தண்ணீர் போகவில்லை, அல்லது நிற்கவே மாட்டேன் என்கிறது

போஷ் இ-24, இ-25, எல்ஜி ஓஇ ஆகியவை வடிகால் சம்பந்தப்பட்டவை. ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். கீழ்த்தட்டை வெளியே எடுத்து, நடுவிலுள்ள உருளையை இடப்பக்கமாகத் திருகித் தூக்கினால் வந்துவிடும். கறிவேப்பிலை, புளிச்சக்கை, மீன் செதில், தேங்காய்த் துருவல் எல்லாம் இருக்கும். கறிவேப்பிலைதான் மோசம், வலைமேல் தட்டையாக ஒட்டிக்கொண்டு தண்ணீரை மறித்துவிடும். ஓடும் தண்ணீரில் சோப்பும் பிரஷும் போட்டுத் தேயுங்கள். மாட்டும்போது கடைசிவரை திருக வேண்டும். லூசாக விட்டால் குப்பை பக்கவாட்டில் நழுவி பம்புக்குப் போய்விடும்.

ஃபில்டரை எடுத்த குழியில் தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். உடைந்த கண்ணாடித்துண்டு கிடக்கலாம், வெறும் கையை விடாதீர்கள். பல மாடல்களில் அந்தக் குழியின் ஓரத்திலேயே வடிகால் பம்பின் மூடி தெரியும். ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்தால் உள்ளே சின்ன விசிறி. சங்கரா முள்ளோ பல்குத்தும் குச்சியோ அதில் சிக்கியிருந்தால் உருவிவிட்டு, குச்சியால் விசிறியைச் சுற்றிப் பாருங்கள். விட்டு விட்டு, தடுக்கித் தடுக்கித்தான் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி, பழுதில்லை. துளியும் நகராவிட்டாலோ தடையே இல்லாமல் சுழன்றாலோதான் பம்ப் மாற்ற வேண்டும். மூடியைத் திருப்பி வைக்கும்போது 'டிக்' சத்தம் கேட்க வேண்டும். அது சரியாக உட்காராவிட்டாலும் இ-25 வரும்.

இனி மோரி விஷயம். நம் பக்கம் பழைய வீடுகளில் கழிவு ஹோஸை அப்படியே தரையிலுள்ள மோரியில் போட்டுவிடுகிறார்கள். ஹோஸ் பெரும்பாலான மெஷின்களுக்குத் தரையிலிருந்து 40 செ.மீ.க்குக் குறையாமல், 100 செ.மீ.க்கு மிகாமல் ஓரிடத்திலாவது ஏறி இறங்க வேண்டும். தரையோடு கிடந்தால், பம்ப் ஓடாமலேயே தண்ணீர் தானாக உறிஞ்சப்பட்டு வெளியே போகும். மெஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும், பாத்திரத்தில் தண்ணீர் படாது, கடைசியில் எரர் காட்டும். சுவரில் ஒரு கிளாம்ப் அடித்து ஹோஸை மேலே ஏற்றி இறக்கினால் தீர்ந்தது. ஹோஸின் நுனியை மோரித் தண்ணீரில் மூழ்கவிடவும் கூடாது, பைப்பில் காற்றுப் புகாமல் டேப் சுற்றி அடைக்கவும் கூடாது.

ஓடுகிறது, ஆனால் பாத்திரம் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது

ஈர விரலால் தேயுங்கள். போய்விட்டால் டிடர்ஜென்ட் மிச்சமோ சாதாரண உப்போ. போகாவிட்டால் வினிகரில் தேயுங்கள். போனால் அது சுண்ணாம்புப் படிவு. இரண்டுக்கும் போகாமல் கண்ணாடி டம்ளர் மங்கலாகவே இருந்தால் கண்ணாடியே அரித்துவிட்டது, திரும்பாது.

எதற்கு இந்தப் பிரிவினை? மெஷினில் உள்ள சாஃப்ட்னர், அதாவது தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் பகுதி, சுண்ணாம்பை மட்டும்தான் எடுக்கும். மீஞ்சூர், எண்ணூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்திருக்கிறது. அந்தச் சோடியம் உப்பை எந்த செட்டிங்கும் எடுக்காது. அங்கே போர் தண்ணீரை விட்டுவிட்டு மெட்ரோ லைனை மெஷினுக்குக் கொடுப்பதுதான் மருந்து. குளோரைடு அதிகமான தண்ணீர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்க வைக்கும்.

சுண்ணாம்பு என்றால் கடினத்தன்மை செட்டிங்கைச் சரிசெய்யுங்கள். டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது, அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். கடினத்தன்மைக்கென்று தனி ஸ்ட்ரிப் கிடைக்கிறது. கையேடு ஜெர்மன் டிகிரி என்ற அளவில் பேசினால், ஸ்ட்ரிப் காட்டும் பிபிஎம் எண்ணை 18-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்னரின் உப்பறையில் டிஷ்வாஷர் சால்ட் மட்டுமே போட வேண்டும். கல்லுப்பில் மண்ணும் மெக்னீசியமும் இருக்கும். தூள் உப்பில் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் இருக்கும். இரண்டும் சாஃப்ட்னரைக் கெடுக்கும். புது மெஷினில் முதல் தடவை மட்டும் அந்த அறையில் முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டு உப்பைப் போடுங்கள். சிந்திய உப்பு உள்சுவரை அரிக்காமலிருக்க, உடனே ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே படிந்ததற்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், 100 கிராம். காலி மெஷினின் அடியில் தூவி, 65–70 டிகிரி புரோகிராமில் ஓட்டுங்கள். பிளீச்சிங் பவுடரை அதோடு சேர்க்கவே கூடாது.

மேல்தட்டுப் பாத்திரம் மட்டும் அழுக்காக வந்தால் தண்ணீர் பீச்சும் கையைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். கலகலவென்றால் கடுகு. துளையைக் கீழே கவிழ்த்துத் தட்டி, ஊக்கால் நெம்பி எடுங்கள்.

நுரை, இ-15

போஷ் மெஷினில் இ-15 என்றால் அடித்தட்டில் தண்ணீர் இறங்கி மிதவையைத் தூக்கிவிட்டது. ஹோஸ் கிளிப், கதவு ரப்பர் இரண்டையும் சோதியுங்கள். எலி கடித்த ஹோஸும் நம் பக்கம் சகஜம். கையால் விளக்கும் லிக்விடை உள்ளே ஊற்றினாலும் நுரை பொங்கி வழிந்து இதே எரர் வரும். மெஷினைச் சாய்த்து வடிப்பதெல்லாம் தற்காலிகம். எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்காவிட்டால் மறுபடி வரும்.

சூடு வரவில்லையா? சாயங்காலம் மட்டும் இப்படி என்றால் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட் 180-க்கு இறங்கினால் ஹீட்டரின் சக்தி 61 சதவீதமாகிவிடும். புரோகிராம் நீண்டுகொண்டே போவது அதனால்தான். பகலிலும் சுடவில்லை என்றால் ஹீட்டர், சென்சார், போர்டு ஆகிய மூன்றில் ஒன்று. அது மெக்கானிக் வேலை. வரச் சொல்லும்போது எரர் நம்பர், எந்தக் கட்டத்தில் நின்றது, அன்று எந்தத் தண்ணீர் ஓடியது என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

மழைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறி மெஷினின் அடியை நனைத்திருந்தால் மட்டும் எதையும் நீங்களே சோதிக்க வேண்டாம். வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும், அடித்தட்டைத் திறந்து பார்க்கும்வரை பிளக்கை மாட்டாதீர்கள்.