மலிவான பாலிசியில் மறைந்திருக்கும் ரூம் வாடகை: ஃப்ரீலான்ஸர்கள் மருத்துவக் காப்பீட்டில் செய்யும் தவறுகள்

திருச்சியில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். பதினொரு வருடமாகச் சொந்தத் தொழில்தான்; மாதச் சம்பளமும் இல்லை, கம்பெனி இன்சூரன்ஸும் இல்லை. போன மாதம், ஐடி வேலையை விட்டு வீடியோ எடிட்டிங்கில் இறங்கியிருக்கும் தம்பி ஒருவன் கடைக்கு வந்தான். புதிதாக எடுத்த பாலிசியை போனில் காட்டினான். "அண்ணே, அஞ்சு லட்சம் கவர். இதவிட கம்மி பிரீமியம் எங்கயுமே இல்ல, எல்லாத்தையும் பாத்துட்டேன்" என்றான்.

போனை வாங்கி மூன்றாம் பக்கத்துக்குத் தள்ளினேன். 'அறை வாடகை: ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம்.' நானும் ஒரு காலத்தில் இதே வரியைப் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டேன். இவனோடு சேர்த்து இந்த வருடம் நான் பார்த்த மூன்றாவது ஆள். சின்ன வயதிலேயே எடுங்கள், கம்பெனிகளை ஒப்பிட்டுப் பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ரூம் வாடகை வரம்பைக் கவனிக்காமல் விடுவது

2022-இல் என் மனைவிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். என்னிடம் இருந்தது 3 லட்ச ரூபாய் பாலிசி. ரூம் வரம்பு 1 சதவீதம், அதாவது நாளைக்கு 3,000 ரூபாய். அட்மிஷன் கவுண்டரில், "மூவாயிரம் ரூபா ரூம் காலி இல்ல சார், ஆறாயிரம் ரூபா ரூம்தான் இருக்கு, வித்தியாசத்த நீங்க கட்டிக்கலாம்" என்றார்கள். நான்கு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் கூடும், சமாளிக்கலாம் என்று மனக்கணக்குப் போட்டுச் சரி என்றேன்.

டிஸ்சார்ஜ் அன்று பில் 1,89,000. ரூம் வாடகை 24,000-இல் பாதி கழிந்தது. அது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங் எல்லாம் சேர்ந்த 1,10,000-க்கும் 55,000 மட்டும் கொடுத்தார்கள். மருந்தும் டெஸ்டும் 46,000, அது முழுதாக வந்தது. கையுறை, பஞ்சு வகையறா 9,000-க்கு ஒன்றும் கிடையாது. ஆக, கம்பெனி கொடுத்தது 1,13,000. நான் கட்டியது 76,000. வைகாசி முகூர்த்தம் முழுக்க ராத்திரி பகலாக உட்கார்ந்து சம்பாதித்த பணம் ஒரே சாயங்காலத்தில் போனது. செட்டில்மென்ட் கடிதத்தில் வரிக்கு வரி 'ப்ரொப்போர்ஷனேட் டிடக்ஷன்', அதாவது விகிதக் கழிவு, என்று போட்டிருந்தது.

காரணம் இதுதான். பல ஆஸ்பத்திரிகளில் ரூம் உயர உயர மற்ற கட்டணமும் உயரும். அதே டாக்டர், அதே தியேட்டர், ஆனால் ரேட் வேறு. அதனால், நமக்கு உரிய ரூமின் வாடகை எடுத்த ரூமின் வாடகையில் பாதி என்றால், டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் இவற்றிலும் பாதிதான் தருவேன் என்கிறது கம்பெனி. பாலிசியில் இது எழுதித்தான் இருக்கிறது. ஆனால் விற்ற ஏஜென்ட்டும் சொல்லவில்லை, அட்மிஷன் போட்டவர்களும் சொல்லவில்லை. 'வித்தியாசத்தைக் கட்டிக்கலாம்' என்ற அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-இல் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. மருந்து, உடலுக்குள் வைக்கும் ஸ்டென்ட் போன்றவை, டெஸ்ட் இவற்றில் இந்த விகிதக் கழிவைச் செய்யக் கூடாது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. ரூமைப் பொறுத்து ரேட் மாறாத ஆஸ்பத்திரி என்றால் கழிவே கூடாது. உங்கள் பில்லில் இதை மீறியிருந்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே சரியாகாவிட்டால் சென்னையில் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

பாலிசி எடுக்கும்போதே ரூம் வரம்பு இல்லாததையோ, 'சிங்கிள் பிரைவேட் ரூம்' என்று இருப்பதையோ கேளுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீக்கப்பட்டிருக்கிறது. அந்த மிச்சத்தை இதில் போடுங்கள். ஏற்கெனவே வரம்புள்ள பாலிசிதான் கையில் இருக்கிறதென்றால், அட்மிஷனுக்கு முன்பே இன்சூரன்ஸ் டெஸ்க்கில் "என் பாலிசிக்கு எந்த ரூம் எலிஜிபிள்?" என்று கேளுங்கள். அது காலி இல்லையென்றால் கீழ் வகுப்பு ரூமுக்குப் போங்கள். மேலே போகாதீர்கள்.

வேலையை விடும்போது கம்பெனி பாலிசியையும் விட்டுவிடுவது

இந்தத் தம்பியும் அதைத்தான் செய்தான். குரூப் பாலிசியில் இருந்தவர் வேலையை விடும்போது அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி உண்டு. அதற்குள் கழிந்த காத்திருப்புக் காலமும் (சில நோய்களுக்கு க்ளெய்ம் கிடைக்காத ஆரம்ப காலம்) கணக்கில் வரும். நோட்டீஸ் பீரியடிலேயே ஹெச்ஆரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். புதிதாக ஆரம்பித்தால் முதல் 30 நாள் விபத்தைத் தவிர எதற்கும் கவர் இல்லை. கண்புரை, ஹெர்னியா போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

சர்க்கரை, பிரஷரை மறைப்பது

மறைக்காதீர்கள். சொன்னால் அந்த நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். மறைத்தால், 'மூன்று வருடமாகச் சர்க்கரை' என்று டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதும் ஒரு வரியிலேயே க்ளெய்ம் போய்விடும்.

பேமென்ட் வந்ததும் ரினீவல் கட்டலாம் என்று இருப்பது

நம் தொழிலில் பணம் சொன்ன தேதிக்கு வராது. வருடப் பிரீமியத்துக்கு 30 நாள், மாதத் தவணைக்கு 15 நாள் சலுகை உண்டு. ஆனால் வருடப் பிரீமியம் கட்டாமல் நிற்கும் அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் படுத்தால் க்ளெய்ம் கிடையாது. சலுகை நாளும் தாண்டிவிட்டால் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து. முகூர்த்த மாதம் ஒவ்வொன்றிலும் வரும் முதல் பேமென்ட்டில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். அதில் வேறு செலவுக்குக் கை வைப்பதில்லை.

அப்பா அம்மாவை ஒரே ஃப்ளோட்டரில் சேர்ப்பது

ஃப்ளோட்டர் என்றால் குடும்பத்துக்கே சேர்த்து ஒரே பாலிசி. அதில் மூத்தவர் வயதை வைத்துத்தான் பிரீமியம். அவர்களுக்குத் தனியாக எடுங்கள்.

பெரிய கவருக்காக பேஸ் பாலிசியையே ஏற்றுவது

5 லட்சத்துக்கு பேஸ், அதாவது அடிப்படைப் பாலிசி, வைத்துக்கொண்டு, அதைத் தாண்டும் செலவுக்கு சூப்பர் டாப்அப் என்ற கூடுதல் பாலிசி எடுத்தால் செலவு நன்றாகக் குறையும். 'சூப்பர்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் டாப்அப் ஒவ்வொரு க்ளெய்மையும் தனித்தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்அப் வருடத்தின் மொத்தச் செலவைக் கூட்டிப் பார்க்கும்.

வரி மிச்சத்துக்காக எடுப்பது

மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கான வருமான வரிச் சலுகை பழைய வரி முறைக்கு மட்டும்.

முதலமைச்சர் காப்பீட்டைப் பற்றி விசாரிக்காமலே இருப்பது

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. தொழில் தொடங்கிய புதிதில் பலர் இந்த வரம்புக்குள்தான் இருக்கிறார்கள். விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கப் போவதற்குக் கூச்சப்படாதீர்கள்.

பாலிசி கைக்கு வந்ததும் மூடி வைப்பது

கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் ஃப்ரீ லுக் காலம். பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். சிறு கழிவு போகப் பணம் வரும். தம்பிக்கு பாலிசி வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. "வேற பாலிசி கையில வந்தப்புறம் இத கேன்சல் பண்ணு, அதுக்கு முன்னாடி பண்ணாத" என்றேன். கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து வேறு கம்பெனியின் படிவத்தைத் திறந்தான். பிரீமியத்தை விட்டுவிட்டு, முதலில் ரூம் வாடகை வரியைத் தேடினான்.