இசை இதழ் அட்டையை முதலில் கறுப்பு வெள்ளையில் எடுங்கள்

ஊடகவியல் பாடத்துக்கு இசை இதழ் செய்கிறீர்களா? அட்டையைக் கலரில் அச்சிடும் முன், ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டி, ஆறேழு அடி தள்ளி நின்று பாருங்கள். கலர் பிரிண்ட் காசு மிச்சம்.

எழுத்தைப் பிரித்துக் காட்டுவது நிறத்தைவிட வெளிச்ச வேறுபாடுதான். திரையில் பளிச்சென்று தெரியும் பச்சைப் பின்னணிச் சிவப்புத் தலைப்பு, இரண்டின் வெளிச்சமும் ஒன்றாக இருந்தால், கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பல் நிறமாகக் கரைந்துவிடும். தமிழ்த் தலைப்பில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. அந்தப் புள்ளி படத்திலுள்ள பாடகரின் தலைமுடிமேல் விழுந்தால் சொல்லவே வேண்டாம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் இதழ்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும்போது அட்டையின் மேல்பகுதி மட்டுமே கண்ணில் படும், அதனால் அங்கே கூடுதல் கவனம்.

திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த தாள்களை வைத்திருங்கள். மதிப்பீட்டில் “அழகாக வந்தது” என்று எழுதுவதைவிட அவை நல்ல சான்று.

தோல் நிறம், மேடை விளக்கின் சாயல் இவற்றைப் பார்க்கக் கறுப்பு வெள்ளைப் பிரதி உதவாது. திரையின் நிறம் அச்சு மையில் மாறும், அதற்கு ஒரு கலர் பிரதி எடுத்தே ஆக வேண்டும்.