மக்காச்சோளத்தில் படைப்புழு சேதத்தைக் கணக்கெடுப்பது எப்படி?

இலையில் ஓட்டை தெரிந்ததுமே மருந்துக் கடைக்குக் கிளம்பிவிடுகிறோம். அந்த ஓட்டை போன வாரத்துப் புழு போட்டதாகவும் இருக்கலாம். 2018-ல் இந்தியாவுக்குள் வந்த அமெரிக்கன் படைப்புழு சுருண்ட குருத்துக்குள் இருந்து தின்கிறது. இலை விரிந்த பிறகுதான் கடித்தது நம் கண்ணில் படும். அதனால் எண்ண வேண்டியது புதுச் சேதத்தை மட்டும்.

படி 1: முளைத்த ஒரு வாரத்தில் தொடங்கி, வாரம் இருமுறை, வெயில் ஏறுமுன் வயலுக்குள் போங்கள். வரப்போரம் நாலைந்து வரிசையை விட்டுவிட்டு, டபிள்யூ வடிவில் நடந்து 5 இடங்களில் நில்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் அடுத்தடுத்து 20 செடி. நன்றாக இருக்கும் செடியைத் தாண்டிப் போகக் கூடாது; கணக்கு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மொத்தம் 100 செடி என்பதால் தாக்கப்பட்ட செடிகளின் எண்ணிக்கையே சதவீதம்.

படி 2: குருத்தையும் கடைசியாக விரிந்த 2, 3 இலைகளையும் பாருங்கள். குஞ்சுப் புழு பச்சையத்தைச் சுரண்டிய இடம் வெள்ளைச் சவ்வாகத் தெரியும். பெரிய புழு இருந்தால் கிழிசலான ஓட்டைகளும், குருத்தில் ஈர மரத்தூள் போன்ற எச்சமும் இருக்கும். எச்சம் காய்ந்திருந்தால் குருத்தை விரித்துப் பார்க்காமல் எழுதாதீர்கள். மழை பெய்த மறுநாளும் அப்படித்தான், எச்சம் கழுவிப் போயிருக்கும்.

புழுவின் தலையில் தலைகீழ் ஒய் குறியும், வால் பக்கம் சதுரமாக 4 கரும்புள்ளிகளும் இருந்தால் படைப்புழுதான். இலையின் குறுக்கே ஒரே வரிசையில் சிறு துளைகள், காய்ந்த நடுக்குருத்து என்றால் தண்டுத் துளைப்பானாக இருக்கலாம். அதைத் தனியே குறியுங்கள். புழுக்களை எண்ண வேண்டியதில்லை. பெரியது சிறியதைத் தின்றுவிடும், கடைசியில் ஒரு குருத்துக்கு ஒன்றிரண்டே மிஞ்சும்.

படி 3: முளைத்து 3, 4 வாரம் வரை 100-க்கு 5 செடி தாக்கப்பட்டிருந்தால் நடவடிக்கை தேவை. அதற்கடுத்து, குருத்துப் பருவத்தின் நடுக்கட்டத்தில் 10, அதன் பிறகு ஆண் பூ வரும்வரை 20. பூ வந்தபின் இலைக்காக மருந்தடிப்பது வீண் செலவு. அப்போது கதிரைப் பாருங்கள். இலை கந்தலாய் இருந்தாலும் வளர்நுனி தப்பியிருந்தால் செடி பெரும்பாலும் தேறிவிடும்.

மருந்தடித்தால், அன்று குருத்தோடு இருந்த இலையில் நாடா கட்டுங்கள். ஒரு வாரம் கழித்து அதற்கு மேல் விரிந்த இலைகளை மட்டும் எண்ணினால் மருந்து வேலை செய்ததா என்று தெரியும்.