குடும்ப குரூப்பில் எமோஜி போடும்போது செய்யக் கூடாத தவறுகள்

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஆயா முதல் ஜொஹானஸ்பர்க்கில் வேலை பார்க்கும் பேரப்பிள்ளைகள் வரை முப்பது பேருக்கு மேல் இருக்கிறோம். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். ஆயாவுக்குச் சின்ன எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது, அதனால் பேரன் என்ன சொல்கிறான் என்று அவர் தெரிந்துகொள்வதே எமோஜியை வைத்துத்தான்.

போன தைப்பூசத்தன்று மாமா ஒருவர் காவடி எடுத்த படத்தைப் போட்டார், அதற்கு யாரோ வேடிக்கையாக ஏதோ எழுத, என் தம்பி மகன் கீழே மூன்று 💀 போட்டான். அவன் வயதில் அதற்கு 'சிரிச்சே செத்துட்டேன்' என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆயா பார்த்தது என்னவோ விரதம் இருந்து எடுத்த காவடிக்குக் கீழே மூன்று மண்டை ஓடு. ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் போட்டு, "யாருக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டபோது குரல் நடுங்கியது. நான் எவ்வளவு சொல்லியும் சமாதானம் ஆகாமல், மறுபடி விளக்கேற்றி திருநீறு பூசிக்கொண்ட பிறகுதான் படுத்தார். இதில் ஆயா மேல் தப்பே இல்லை. பிள்ளைகளே, சாமி படம், ஆஸ்பத்திரி செய்தி, சாவுச் செய்தி, இந்த மூன்று பக்கமும் மண்டை ஓட்டைக் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது அழுகை. 😭 இளசுகளுக்குச் சிரிப்பு, செல்லம், ஆச்சரியம் எல்லாத்துக்கும் ஒன்றுதான், பெரியவர்களுக்கோ நிஜமான அழுகை. பெரியவர்கள் பக்கத்தில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது: 😂 முகத்திலும் கண்ணீர் இருப்பதால் அழுகை என்று நினைத்து இரங்கல் செய்தியில் போட்டுவிடுகிறார்கள். கண்ணோரம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு துளி இருந்தால் சிரிப்பு, கன்னத்தில் அருவி மாதிரி ஓடினால் அழுகை. யாராவது மாற்றிப் போட்டுவிட்டால் குரூப்பிலேயே திருத்தி அவரைக் கூச்சப்பட வைக்காமல், தனியாக போன் பண்ணி அழிக்கச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் வரைக்கும்கூட எல்லோருக்கும் சேர்த்து அழிக்கலாம். சாவுச் செய்திக்கு முகமே வேண்டாம் என்பேன், இரண்டு வரி எழுதுங்கள். மற்றபடி சிரிப்புக்கு 😂 போடுவது பழசு என்று பிள்ளைகள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்ததே அந்த முகத்தைத்தான்.

தீபாவளி வாழ்த்துக்கு மெழுகுவத்தி போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்பு வேறு வழி இல்லை, ஆனால் 2019இல் அகல் விளக்கு 🪔 வந்துவிட்டது. தனியாக ஒரு மெழுகுவத்தியைப் பார்த்தால் பலருக்கு அஞ்சலிதான் ஞாபகம் வரும்.

மூக்கோரம் நீர்த்துளி தொங்கும் 😪 முகத்தை வருத்தத்துக்குப் போடுகிறோம் இல்லையா, அது தூங்குகிற முகம். எமோஜி ஜப்பானில் பிறந்தது ('எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து), அங்கே சித்திரக் கதைகளில் தூங்குகிறவர் மூக்கில் ஒரு குமிழி வரைவது வழக்கம். காய்ச்சலில் படுத்திருக்கும் அத்தைக்கு அதை அனுப்பினால் தூக்கம் வருகிறது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் 👍. அப்பாவுக்கு அது 'சரி, பார்த்தாச்சு'. மகளுக்கு அது கோபமாக வெட்டிப் பேசுவது போல் படுகிறது, காலையில் அவள் நீளமாக எழுதியதற்கு ஒற்றைக் கட்டைவிரல் வந்தால் மனசு ஒடிந்துபோகிறது. கூடவே 'சரிம்மா' என்று ஒரு வார்த்தை தட்டினால் போதும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும் இதை யாருமே போடாதீர்கள். கனடாவில் ஆளி விதை வாங்க வந்தவர் போனில் அனுப்பிய ஒப்பந்தத்துக்கு ஒரு விவசாயி கட்டைவிரலைக் காட்டினார், கிடைத்தது என்பதற்குத்தான் போட்டேன் என்று அவர் சொன்னதை 2023இல் நீதிமன்றம் ஏற்கவில்லை, அது கையெழுத்துக்குச் சமம் என்று சொல்லி, ஒப்பந்தப்படி விதையைக் கொடுக்காததற்கு 82,000 கனடா டாலருக்கு மேல் கட்ட வைத்தது.