அழைத்தவரைப் பார்க்காதீர்கள், கம்பெனியைப் பாருங்கள்: வீட்டுப் பார்ட்டி விற்பனையில் சேருமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் நம்மில் பலர், கடையில்லாமல் ஆள்வழி பொருள் விற்கும் நேரடி விற்பனைக் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. அதில் ஏற்கெனவே இருக்கும் அக்கா ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். அவர் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே பாலர்பள்ளி. கோயிலில் பார்த்தால் நின்று பேசுவார். அவர் வீட்டுக்குக் கூப்பிட்டால் எப்படி மறுப்பது? வடை, தேநீர் முடிந்து, முகக்கிரீம் எல்லார் புறங்கையிலும் ஒரு சுற்று வந்த பிறகு, “நீங்களும் கன்சல்டண்டா சேர்ந்திடுங்கம்மா, உங்களுக்குத்தான் நிறையப் பேரைத் தெரியுமே” என்கிறார். தலையாட்டுவது அவருக்காக. கையெழுத்துப் போடுவதோ பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு கம்பெனியுடன். மற்ற தவறுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அக்கா நல்லவராகவே இருக்கட்டும். கம்பெனி கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. நீங்கள் விற்றதற்கு மட்டும் கமிஷன் என்றால் சிக்கல் குறைவு. உங்களுக்குக் கீழே ஆள் சேர்ந்து, அவர்கள் விற்பனையிலும் உங்களுக்குப் பங்கு என்றால் 1973ஆம் ஆண்டின் பல அடுக்கு விற்பனை, பிரமிடு விற்பனைத் தடைச் சட்டம் குறுக்கே வரும். பலர் நினைப்பதுபோல், ஆள் சேர்ப்பதிலேயே பணம் புரளும் பிரமிடுத் திட்டங்களை மட்டும் அது தடுப்பதில்லை. பல அடுக்கு விற்பனையையே தடைசெய்துவிட்டு, சில நிபந்தனைகளை நிறைவேற்றும் திட்டங்களுக்கு மட்டும் விலக்குத் தருகிறது. ஆள் சேர்த்ததற்காகப் பணம் தரக்கூடாது. சேர்வதற்கு நிபந்தனையாகப் பொருள் வாங்கச் சொல்லக்கூடாது. செய்து காட்டத் தேவையான சாமான்களை அடக்கவிலைக்கு மிகாமல் விற்கலாம், அதில் யாருக்கும் கமிஷன் கிடையாது. பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க குறைந்தது 60 நாள் அவகாசம் வேண்டும். மீறினால் 200,000 வெள்ளி வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். நடத்துபவருக்கு மட்டுமல்ல, பங்கெடுப்பவருக்கும்தான்.

இதைத் தெரிந்துகொண்டு, ஸ்டார்ட்டர் கிட், அதாவது சேரும்போது எடுக்கச் சொல்லும் பொருள் தொகுப்பு பற்றி அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். “கட்டாயமே இல்லம்மா. ஆனா 1,500 வெள்ளி பேக்கேஜ் எடுத்தா நேரா கோல்டு ரேங்க்ல உட்கார்ந்துடலாம்.” கட்டாயமில்லை என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் ‘ஆனா’ வந்தாலே பேனாவை மூடிவைக்கலாம் என்பது என் கருத்து.

“அரசாங்கமே அங்கீகரிச்ச கம்பெனி” என்பதும் காதில் விழும். கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான அக்ராவில் பதிவு செய்திருப்பது தரச் சான்று அல்ல. எந்தக் கம்பெனியும் பதிவு செய்தாக வேண்டும். சிங்கப்பூர் நேரடி விற்பனைச் சங்கத்தில் உறுப்பினரா என்று பார்ப்பது ஓரளவு உதவும். அதுவும் அரசாங்க முத்திரை இல்லை.

அடுத்தது கணக்கு. உதாரணத்துக்கு ஒரு பார்ட்டியில் 400 வெள்ளிக்கு விற்பனை, கமிஷன் 25 விழுக்காடு. கையில் 100 வெள்ளி. வீடு கொடுத்தவருக்கு அன்பளிப்பு, பலகாரம், மூட்டையோடு எம்ஆர்டி ரயிலில் ஏற முடியாமல் எடுத்த டாக்சி எல்லாம் கழித்தால் 50 மிஞ்சலாம். அதற்கு ஒரு சனிக்கிழமை முழுதும் போகிறது, பிறகு வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் நேரம் தனி. பரவாயில்லை, பிடித்த வேலை என்றால் செய்யலாம். ஆனால் மாத டார்கெட்டை எட்ட 80 வெள்ளிப் பொருள் குறைகிறதென்று நீங்களே வாங்கிப்போட ஆரம்பித்தால், அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் நீங்கள்தான். பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில், சாமான் அறையாகப் பயன்படும் பாம் ஷெல்டரைத் திறந்தால் அரிசி மூட்டைக்கு மேலே காலாவதித் தேதி நெருங்கும் புரோட்டீன் பவுடர் டப்பாக்கள் அடுக்கியிருக்கும். டார்கெட் தவறினால் முந்தைய கமிஷன் பறிபோகுமா என்பதை ஊதியத் திட்டத்தில் தேடிப் படியுங்கள். எழுத்தில் தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

சேருமுன் ஷாப்பி, லஸாடா, கரோசல் போன்ற இணையச் சந்தைகளில் அதே பொருளின் பெயரைத் தட்டிப் பாருங்கள். தேங்கிய சரக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளும் பழைய கன்சல்டண்டுகள் அங்கே வரிசையாக நின்றால், உங்கள் பார்ட்டிக்கு வருபவர்களும் அதே கைபேசியில்தான் விலை பார்ப்பார்கள்.

பழம்பெரும் பெயர் என்பதும் காப்பு அல்ல. வீட்டுப் பார்ட்டி விற்பனைக்கே பேர்போன டப்பர்வேர் 1950களின் தொடக்கத்தில் கடைகளை விட்டு வீடுகளுக்கு வந்தது. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கேட்டு மனுச் செய்தது. கம்பெனி தடுமாறினால் உத்தரவாதம், மாற்றுப் பொருள் என்று வாடிக்கையாளர் கேட்டு வருவது உங்கள் வீட்டுக் கதவுக்குத்தான்.

ஊட்டச்சத்துப் பொருள் விற்கும் கம்பெனி என்றால் பயிற்சியில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கவனியுங்கள். “சர்க்கரை இறங்கிடும், மாத்திரையை நிறுத்திடலாம்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். இத்தகைய பொருள்களுக்கு விற்பனைக்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் தேவையில்லை. ஆகவே “ஆணையம் ஒப்புதல் கொடுத்தது” என்பதே பொய். நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யவும் அனுமதி இல்லை. அனுப்பிய எண் உங்களுடையது என்பதை மறக்கவேண்டாம்.

வருமானத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் காட்ட வேண்டும். சுயதொழிலில் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கும் பணம் கட்டவேண்டும்.

கணவரின் வேலை அனுமதியை ஒட்டி டிபியில் (சார்ந்திருப்போர் அனுமதியில்) வந்திருக்கும் தங்கைகளுக்கு: 2021 மே 1 முதல், டிபியில் இருப்பவர் வேலை செய்யத் தமக்கென்று தனி வேலை அனுமதி பெறவேண்டும். கன்சல்டண்ட் என்பது வேலையில்லை, பகுதிநேரம்தான், எல்லாரும் செய்கிறார்கள் என்று அப்லைன், அதாவது உங்களைச் சேர்த்துவிட்டவர், சொல்வார். மனிதவள அமைச்சிடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு முதல் பார்ட்டிக்குத் தேதி குறியுங்கள்.