கருவிலேயே எலும்புக் கோளாறு என்றால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபதாவது வார ஸ்கேனில் "தொடை எலும்பு குட்டை" என்றதும் அதையே நோயின் பெயராக எடுத்துக்கொள்கிறோம். கர்ப்ப வாரக் கணக்கு பிசகியிருக்கலாம், தாய் தந்தையே குட்டையானவர்களாக இருக்கலாம், நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் பிள்ளையின் வளர்ச்சி குன்றியிருக்கலாம். ஆகவே எலும்பு வளைந்திருக்கிறதா, முறிவு தெரிகிறதா, கருவியை அழுத்தும்போது மண்டையோடு அமுங்குகிறதா என்று கேளுங்கள். அமுங்கினால், எலும்பு எளிதில் முறியும் பிறவி நோயான ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டாவின் கடுமையான வகை அல்லது எலும்பில் கனிமம் சரியாகப் படியாத ஹைப்போபாஸ்பேட்டேசியா என்று சந்தேகிப்பார்கள். மார்புக்கூட்டின் அளவையும் கட்டாயம் கேளுங்கள். அது மிகவும் சிறுத்திருந்தால் நுரையீரல் வளர இடமிருக்காது. பிறந்த பிள்ளை மூச்சுவிடுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான்.

இருபதாவது வாரத்தில் எல்லாம் சரி என்றால் கவலையே இல்லை என்பதும் பிழை. கைகால் குட்டையாக வளரும் பிறவிக் கோளாறான அகோண்ட்ரோபிளேசியாவில் எலும்புக் குறுக்கம் பெரும்பாலும் 24 வாரத்துக்குப் பிறகே தெரியும். தாயின் ரத்தத்தில் செய்யும் வழக்கமான என்ஐபிடி 21, 18, 13ஆம் குரோமோசோம்களைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. எலும்பு நோய்களை அது தேடுவதில்லை.

ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா கால்சியக் குறைவால் வருவதல்ல. எலும்புக்குச் சட்டம்போல் நிற்கும் முதல் வகைக் கொலாஜனை உண்டாக்கும் மரபணுவில்தான் பெரும்பாலும் பிழை. தாய் கூடுதலாகக் கால்சியம் மாத்திரை விழுங்கி அதைச் சரிசெய்ய முடியாது. கிரகணத்தையோ, அவள் சாப்பிட்டதையோ காரணம் காட்டி அவளை வதைக்காதீர்கள்.

எங்கள் பார்வையில் மிகப் பெரிய இழப்பு, மரபணுவின் பெயர் தெரியாமலேயே விட்டுவிடுவது. 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரில் சோதிக்கலாம். வேண்டாம் என்றாலும், பிள்ளை தவறிவிட்டால் எக்ஸ்ரே எடுத்து, டிஎன்ஏ மாதிரியைச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். அடக்கத்துக்குப் பின் அந்த வாய்ப்பு இல்லை. அடுத்த கர்ப்பத்துக்கான பதில் அதில்தான் இருக்கிறது: பெற்றோர் இருவரும் நோயில்லாமலேயே ஒரே ஒடுங்கிய மரபணுப் பிழையைச் சுமந்தால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் 25 விழுக்காடு, ஒரு பிழையே போதும் என்ற ஓங்கிய வகை நோய் ஒருவருக்கு இருந்தால் 50, பிழை பிள்ளையிடம் புதிதாகத் தோன்றியிருந்தால் மிகக் குறைவு, ஆனால் பூஜ்யமல்ல. மாமன் மகள், அத்தை மகன் உறவில் திருமணம் செய்தவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோலாலம்பூரானாலும் பினாங்கானாலும், அரசு கிளினிக்கில் இளஞ்சிவப்புப் புத்தகத்தோடு (கர்ப்பகாலப் பதிவேடு) ஸ்கேன் படங்களையும் காட்டி, மரபியல் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

எலும்பு எளிதில் முறியும் பிள்ளைக்குச் சிசேரியன் செய்தால் முறிவே வராது என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை. தாயின் நிலை, பிள்ளை கிடக்கும் விதம் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். பிள்ளையை வெளியே இழுக்கும் வாக்குவம், ஆயுதக் கரண்டி (ஃபோர்செப்ஸ்) இரண்டையும் தவிர்க்கச் சொல்லிவையுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் பாட்டி எண்ணெய் தேய்த்து கைகால் நீட்டி மடக்கிக் குளிப்பாட்டுவது இந்தப் பிள்ளைக்கு ஆகவே ஆகாது. அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். டயப்பர் மாற்றும்போது கணுக்காலைப் பிடித்து உயர்த்தாமல், விரல்களை விரித்துப் பிட்டத்தின் அடியில் கைநுழைத்துத் தூக்குங்கள். மறுகை தலையையும் தோளையும் தாங்கட்டும்.